எல்லாவற்றுக்கும் ஆதரவு

அமைச்சராகி இரண்டு வருடம் ஆகியும் லோவ்ரே ஷ்கார்ப்பா ஒரு தடவைகூட 'எதிர்ப்பு' என்று வாய் திறந்து சொன்னதில்லை. அவர் மட்டுமா, அந்த மேசையில் யார்தான் சொன்னார்கள்? வியாழக்கிழமை காலை தலைநகர் ஜாக்ரெப்பின் மேல்நகரத்து அரசு மாளிகையில் எல்லோரும் கோப்புகளோடு வந்து உட்கார்வார்கள். கேமராக்கள் ஓடும். பிரதமர் மிரான் ஹாலபிர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு தீர்மானத்தின் தலைப்பைப் படிப்பார். "விவாதம் உண்டா? இல்லை. ஆதரவு? நன்றி. ஒருமனதாக நிறைவேறியது." கேள்விக்கும் நன்றிக்கும் நடுவில் ஒரு மனிதன் தும்மக்கூட இடம் இருக்காது.

அதுவாவது பரவாயில்லை, ஆட்கள் முகத்துக்கு முகம் பார்த்துச் செய்கிற காரியம். இன்னொன்று இருக்கிறது, தொலைபேசிக் கூட்டம். வியாழக்கிழமை வரை பொறுக்க முடியாத அவசரம் என்று பிரதமர் நினைத்தால், செயலாளர் பொஷேனா அம்மாள் ஒவ்வொரு அமைச்சரையும் போனில் கூப்பிட்டுத் தலைப்புகளை மடமடவென்று வாசிப்பாள். அமைச்சர் எங்கே இருந்தாலும் அங்கிருந்தே "எல்லாத்துக்கும் ஆதரவு" என்பார். முடிதிருத்தும் கடையிலிருந்து சொன்னவர்கள் உண்டு, மச்சினியின் கல்யாணத்தில் ஆடிக்கொண்டே சொன்னவர்கள் உண்டு. பல் டாக்டர் நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்த நிதியமைச்சர் "ஆ" என்றதையே ஆதரவாக எழுதிக்கொண்டாள் என்று ஒரு கதை ஓடியது. ஒரு நாட்டை இப்படியும் ஆளலாம். ஆண்டுகொண்டுதான் இருக்கிறார்கள்.

லோவ்ரே கையில் இருந்தது விவசாய இலாகா. கடற்கரையில் பிறந்து மண்வெட்டியைத் தொட்டறியாத ஆளுக்கு அது வந்தது கூட்டணிக் கணக்கில். அவருடைய கடலோரக் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் அவரையும் சேர்த்து மூன்றே பேர். ஆனால் அந்த மூன்று பேரை உருவிவிட்டால் ஹாலபிரின் அரசு அன்றைக்கே கீழே விழும். அதற்குக் கூலியாக உரமும் மாட்டுத்தீவனமும் பன்றிக்காய்ச்சலும் கிடைத்தன. சொந்த ஊரான லூக்கோவாவில் அவருக்குப் 'பன்றி மந்திரி' என்று பெயர். பாசத்தோடு வைத்த பெயர்தான்.

லூக்கோவா என்றால் கப்பல் தளம். வேறு எதுவும் அங்கே கிடையாது. அப்பா பார்த்துல் வாழ்நாள் முழுக்க அங்கே ஆணி அடித்தவர். அண்ணன் யெர்கோ வெல்டர், தொழிற்சங்கத் தலைவர். வருடா வருடம் இலையுதிர் காலத்தில் அரசு தளத்துக்கு உத்தரவாதம் கொடுக்கும், அதை நம்பி வங்கி பணம் கொடுக்கும், கப்பல் மெல்ல மெல்ல உருவாகும். இந்த வருடம் உத்தரவாதம் கிடையாது என்று ஹாலபிர் முடிவு கட்டிவிட்டார். உத்தரவாதம் போனால் வங்கி போகும், வங்கி போனால் கதவில் பூட்டு. ஊரில் பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த கணக்கு அது.

செப்டம்பரில் யெர்கோ பஸ் பிடித்து ஆட்களோடு ஜாக்ரெப் வந்தார். மேலே அரசு மாளிகைச் சதுக்கத்துக்குப் போலீஸ் விடவில்லை. மழையில் கீழ்த்தெருவில் நின்றார்கள். லோவ்ரே குடைகூட இல்லாமல் இறங்கி வந்தார்.

"என்னடா பன்றி மந்திரி, காத்து வாங்க வந்தியா?" என்றார் யெர்கோ.

"அண்ணே, கேளு. அந்த விஷயம் மேசைக்கு வர்ற வியாழக்கிழமை, கேமரா முன்னாடி எதிர்ப்புன்னு சொல்றேன். நான் எந்திரிச்சா எங்க மத்த ரெண்டு பேரும் எந்திரிப்பாங்க. அப்புறம் இந்த அரசு நிக்காது."

"சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"உன் பதவி போயிரும்டா."

"போனா போகுது."

யெர்கோ தம்பியின் கழுத்தைப் பிடித்து இழுத்து, நனைந்த தலையில் முத்தம் கொடுத்தார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். லோவ்ரேவுக்கு வாழ்க்கையில் யாரும் அப்படிக் கை தட்டியதில்லை. மேட்டில் ஏறித் திரும்பும்போது கண் கலங்கியிருந்தது, மழை இருந்ததால் தப்பித்தார்.

அன்றைக்கே ஹாலபிரிடமும் சொல்லிவிட்டார். ஹாலபிர் கத்தவில்லை, முகம் சுளிக்கவில்லை. காபிக் கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டு, "ஊர்க்காரன் பேசுறது புரியுது. பார்ப்போம்" என்றார். பிறகு பல வாரம் அந்த விஷயம் எந்த வியாழக்கிழமையும் வரவில்லை. கடைசியில் அக்டோபர் முடிகிற வாரத்து நிகழ்ச்சி நிரலில் வந்தது. அதே வாரம் திங்கட்கிழமை அப்பா இறந்துபோனார்.

ஹாலபிர் தாமே போன் செய்தார்.

"லோவ்ரே, கேள்விப்பட்டேன். மனசு ஒடிஞ்சு போச்சு. எங்கப்பா போனப்ப நானும் ஒரு மாசம் ஆளாவே இல்ல. நீங்க போங்க, அப்பாவை நல்லபடியா அனுப்பிட்டு வாங்க."

"புதன்கிழமை அடக்கம். வியாழக்கிழமை வந்துருவேன் தலைவரே. அந்த விஷயம்..."

"அட விடுங்க. வியாழக்கிழமை அதை நான் எடுக்கவே மாட்டேன். அப்பனைப் புதைச்ச மறுநாள் ஒரு மனுஷனை அப்படி நிறுத்துவேனா? என் வாக்கு."

லோவ்ரே நன்றி சொன்னார். மனதார நன்றி சொன்னார். உண்மையைச் சொன்னால், ஒரு வாரம் தள்ளிப்போனதில் அவருக்கு நெஞ்சின் ஒரு ஓரத்தில் குளிர்ச்சியாகக்கூட இருந்தது. அது அப்பாவின் மரணத்தால் கிடைத்த குளிர்ச்சி என்று தோன்றியபோது தன்மேலேயே வெறுப்பு வந்தது.

புதன்கிழமை அடக்கம். தெற்குக் காற்று மூன்றாம் நாளாக அடித்துக்கொண்டிருந்தது. கல்லறைச் சுவர், சட்டைக் காலர், வாய்க்குள் இருக்கிற ரொட்டி எல்லாம் ஈரம். அந்தக் காற்றில் கடலோரத்து ஆட்களுக்குத் தலை கனக்கும், பேச்சு குறையும், சண்டை கூடும். தளத்து ஆட்கள் ஆறு பேர் நீல உடுப்போடு பெட்டியைச் சுமந்தார்கள். அரசாங்கத்தின் மலர்வளையம்தான் எல்லாவற்றிலும் பெரியது. தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

"பூவெல்லாம் தாராளமாத்தான் அனுப்பியிருக்கான்," என்றார் யெர்கோ.

"பேசாம இருண்ணே. அவன் என்ன செய்வான், முறைக்கு அனுப்புறான்."

அடக்கம் முடிந்து சாப்பாடு தளத்துக் கேன்டீனில். உப்புக் கருவாடும் உருளைக்கிழங்கும் வேக வைத்த பெரிய அண்டா, ரொட்டி, சிவப்பு ஒயின், கருப்புக் காபி. யெர்கோவின் மனைவி பெரினா பரிமாறிக்கொண்டே எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தாள். கிழவர்கள் முதலில் அப்பாவைப் பற்றிப் பேசினார்கள், அப்புறம் வழக்கம்போல் கப்பலைப் பற்றிப் பேசினார்கள். பாதி கட்டி நிற்கிற கப்பலின் வயிறு கேன்டீன் ஜன்னலை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது, பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தது.

"நம்ம பையன் சொன்னா சொன்னதுதான்," யெர்கோ சாராயம் ஊற்றிக்கொண்டே எல்லா மேசையிலும் சொல்லிக்கொண்டு போனார். "நாளைக்கு இல்லேன்னா அடுத்த வியாழக்கிழமை. டிவியில பாருங்க. அப்பனுக்குப் பொறந்தவன்டா இவன்."

"எங்க காலத்துல ஒரு மந்திரியும் எதிர்ப்புன்னு சொல்லிப் பார்த்ததில்ல," என்றார் ஒரு கிழவர். "நான் சாகறதுக்குள்ள பார்த்துருவேன் போல."

"பெருசு, நீ சாக மாட்டே, பயப்படாதே. உன்னை மேலேயும் எடுத்துக்க மாட்டாங்க," என்றாள் பெரினா. துக்க வீடு என்பதை மறந்து நாலு பேர் சிரித்தார்கள். லோவ்ரேவும் சிரித்தார்.

அப்போது போன் அடித்தது. பொஷேனா அம்மாள்.

"மந்திரி சார், ஆழ்ந்த அனுதாபம். இந்த நேரத்துல தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும். சின்னதா ஒரு தொலைபேசிக் கூட்டம். ஆறு தலைப்புதான், ஒரு நிமிஷம்கூட ஆகாது."

"சொல்லுங்கம்மா," என்று சொல்லி ஒரு காதைக் கையால் மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

அவள் வாசிக்க ஆரம்பித்தாள். முதலில் ஒரு தூதர் நியமனம். பிறகு வெள்ளம் வந்த ஊருக்கு உதவி. மூன்றாவது ஏதோ பல்கலைக்கழகக் கட்டடம். நான்காவது ஒரு பூங்காவின் எல்லை. ஐந்தாவது, கப்பல் கட்டுமானத் துறையில் அரசு உத்தரவாதங்கள் தொடர்பான முடிவு. ஆறாவது, விருது வழங்கும் குழு. எல்லாம் ஒரே சுருதியில், மூச்சு வாங்காமல். பெரிய தேவாலயத்தில் வாரத்து அறிவிப்புப் படிப்பதுபோல் இருந்தது.

பக்கத்தில் ஒரு கிழவர், அப்பாவோடு ஒரே சாரத்தில் வேலை பார்த்தவர், அனுதாபம் சொல்வதற்காகக் கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார். இன்னொரு பக்கம் அண்ணன் சாராயக் கோப்பையை நீட்டிக்கொண்டு நின்றார். 'பொறுங்கம்மா, அஞ்சாவதை மறுபடி படிங்க' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் கேன்டீன் மொத்தமும் திரும்பிப் பார்க்கும். இங்கேயே, இப்போதே, இந்த ஈரக் காற்றில், எதிர்ப்பு என்று சொல்ல வேண்டியிருக்கும். நாக்கு அதன் பாட்டுக்குப் பழகின தடத்தில் போய்விட்டது.

"எல்லாத்துக்கும் ஆதரவு."

"நன்றி சார். அப்பா ஆத்மா சாந்தியடையட்டும்."

"யாருடா?" என்றார் யெர்கோ.

"ஆபீஸ். அனுதாபம் சொன்னாங்க."

"அனுதாபத்துக்கு ஆதரவு போடுற ஒரே நாடு நம்மளுதுதான்," என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு அண்ணன் கோப்பையைத் தம்பி கையில் திணித்தார். கிழவர் லோவ்ரேவின் இன்னொரு கையைப் பிடித்து, "உங்கப்பன் மாதிரி நேரா ஆணி அடிக்கிறவன் இனிமே பொறக்கப்போறதில்ல," என்றார். லோவ்ரே தலையை ஆட்டினார். கிழவர் சொன்னதும் காதில் விழுந்தது, அதற்கு முன்னால் பொஷேனா படித்ததும் விழுந்திருந்தது. அப்படியெல்லாம் இருக்காது, வேறு ஏதோ உத்தரவாதமாக இருக்கும் என்று சாராயத்தை விழுங்கினார்.

ஐந்து மணிச் செய்தியில் வந்துவிட்டது. கேன்டீன் மூலையில் உயரத்தில் மாட்டியிருந்த டிவியை யாரும் கவனிக்கவில்லை, பெரினாதான் "உஷ்! நம்ம ஊர் பேரு!" என்று கத்தினாள். அரசு தொலைபேசிக் கூட்டத்தில் உத்தரவாதத்தை விலக்கிக்கொண்டது, லூக்கோவா தளத்துக்குத் திவால் நடவடிக்கை தொடங்கும், முடிவு ஒருமனதானது. வாசித்த பெண் அடுத்து வானிலைக்குப் போய்விட்டாள். தெற்குக் காற்று நீடிக்குமாம்.

யாரும் லோவ்ரேவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். எழுந்து வெளியே போய், கப்பலின் நிழலில் நின்று ஹாலபிருக்குப் போன் போட்டார்.

"வாக்குக் கொடுத்தீங்களே!"

"வியாழக்கிழமை எடுக்க மாட்டேன்னு சொன்னேன். எடுக்கலியே."

"எங்கப்பன் குழியில மண்ணு இன்னும் காயலய்யா! சாவுச் சாப்பாட்டுல வச்சு என்கிட்ட ஓட்டு வாங்குறீங்க!"

"லோவ்ரே, உங்களைக் கேட்டாங்க, நீங்க ஆதரவுன்னு சொன்னீங்க. பொஷேனா ஒரு தலைப்பைக்கூட விடாமப் படிச்சா. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நீங்க சொல்லியிருந்தா நான் முடங்கிப் போயிருப்பேன். அது உங்களுக்கும் தெரியும்." குரலில் கோபமே இல்லை. "நாளைக்கு வாங்க. வழக்கமான கூட்டம்தான். வரலேன்னாலும் யாரும் தப்பா நினைக்க மாட்டோம்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பின்னால் யெர்கோ நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. அடிப்பார் என்று நினைத்தார் லோவ்ரே. அடித்துவிட்டால் தேவலை என்றும் நினைத்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்," என்றார் யெர்கோ. "அவ படிச்சது உன் காதுல விழுந்துச்சா, விழலியா?"

லோவ்ரே கப்பலின் வயிற்றை நிமிர்ந்து பார்த்தார்.

"விழல," என்று யெர்கோவே சொன்னார். "அப்பனைப் புதைச்சுட்டு வந்து நிக்கிற. சுத்தி இத்தனை சத்தம். எவன் காதுல விழும்? விழலைன்னு உள்ள போய் ஆளுங்ககிட்ட நான் சொல்றேன். நம்புவாங்க. நானும் நம்புறேன்."

"அண்ணே..."

"குறுக்க பேசாதே. நாளைக்குப் போ. கேமரா இருக்கும்ல? மைக்கை அமுக்கு. 'என் காதுல விழல, அப்பா செத்த துக்கத்துல இருந்தேன், என் ஓட்டைத் திரும்ப எடுத்துக்கறேன், எங்க மூணு பேரும் வெளிய போறோம்'னு சொல்லு. அவ்வளவுதான். அரசு போச்சுன்னா திவாலும் நிக்கும். எழுதிக் கொடுக்கணுமா, மனசுல நிக்குமா?"

"நிக்கும்ணே."

"சொல்லிருவேல்ல?"

"சொல்லிருவேன்."

இந்தத் தடவை யெர்கோ முத்தம் கொடுக்கவில்லை. தம்பியின் கோட்டில் ஒட்டியிருந்த கல்லறை மண்ணைத் தட்டிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து லோவ்ரேவின் கையைப் பிடித்தார்கள். "உன் மேல தப்பில்ல தம்பி," என்றார்கள். "அந்த நேரத்துல யாரா இருந்தாலும் அப்படித்தான்," என்றார்கள். பெரினா வழிக்கு ரொட்டியும் மீனும் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். அப்பாவின் அடக்கத்துக்கு வந்ததைவிட இப்போது அதிகம் பேர் அவருக்கு அனுதாபம் சொன்னார்கள்.

காரில் ஏறினதும் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தார். மலையைத் தாண்டுகிற வரை வாய்க்குள் நன்றாகத்தான் வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் மூடுபனி. அதற்குள் வேறு கேள்விகள் வந்தன. காதில் விழாமல் ஓட்டுப் போட்ட அமைச்சர் என்று நாடே சிரிக்குமே. விழுந்தது என்று பொஷேனா சொன்னால்? அரசு விழுந்து தேர்தல் வந்தால் தன் கட்சிக்கு மறுபடி மூன்று பேர் கிடைப்பார்களா? அடுத்து வருகிறவன் மட்டும் உத்தரவாதம் கொடுத்துக் கிழிக்கப்போகிறானா? ஒவ்வொன்றும் நியாயமான கேள்விதான். நியாயமான கேள்விகள் இவ்வளவு வரிசையாக ஒருவனுக்கு வந்தால் அவன் பயந்துவிட்டான் என்று அர்த்தம். அதுவும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

காலையில் மேல்நகரத்தில் எதிரே நிற்கிற ஆள் தெரியாத அளவு பனி. கூட்ட அறையில் ஒவ்வொருவரும் வந்து அவர் தோளைத் தொட்டார்கள். நிதியமைச்சர் கட்டிப்பிடித்தார். லோவ்ரே தன் நாற்காலியில் உட்கார்ந்தார். மேசை மேல் மைக். அதன் அடியில் ஒரு பொத்தான். கேமரா விளக்குகள் எரிந்தன. லூக்கோவா கேன்டீனில் இந்நேரம் எல்லோரும் டிவிக்குக் கீழே நாற்காலி போட்டிருப்பார்கள். யெர்கோ உட்கார மாட்டார், நின்றுகொண்டிருப்பார்.

பிரதமர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நிகழ்ச்சி நிரலுக்குப் போவதற்கு முன்னால், நம் சகா லோவ்ரே ஷ்கார்ப்பாவின் தந்தை மறைந்த துயரத்தில் நாம் பங்கெடுக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் கப்பல் கட்டிய ஓர் உழைப்பாளி. நம் கடலுக்கு அப்படிப்பட்ட கைகள்தான் பெருமை தந்தன. அவருக்காக ஒரு நிமிடம் மௌனம்."

நாற்காலிகள் நகர்ந்தன. அரசாங்கம் முழுவதும் எழுந்து நின்று தலை குனிந்தது. லோவ்ரேவும் எழுந்து நின்றார். வேறு என்ன செய்வார்? கேமரா ஒன்று மெதுவாக அவர் முகத்துக்குப் பக்கமாக வந்தது. அண்ணன் கொடுத்த வாக்கியம் முழுசாக, ஒரு சொல் குறையாமல் தொண்டையில் இருந்தது. அப்பாவின் கைகளைப் பற்றி அந்த ஆள் பேசுகிறான், அந்தக் கைகள் உழைத்த இடத்துக்கு நேற்றுதான் பூட்டுப் போட்டான் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் எரிந்தது. இப்போது சொல்லிவிடலாம். இப்போது சொன்னால் யாராலும் தடுக்க முடியாது.

"நன்றி," என்று ஹாலபிர் சொல்ல, எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவர் லோவ்ரே பக்கம் திரும்பினார். "அமைச்சர் ஷ்கார்ப்பா, ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

பொஷேனா அம்மாள் பேனாவைக் கையில் எடுத்தாள். லோவ்ரே கையை நீட்டிப் பொத்தானை அமுக்கினார். மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் மூச்சு விடுவது அறை முழுக்கக் கேட்டது, லூக்கோவாவிலும் கேட்டிருக்கும்.

"அப்பாவை நினைவுகூர்ந்ததற்கு," என்றார், "பிரதமருக்கும் அரசுக்கும் நன்றி."

பிரதமர் தலையசைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் தலைப்பைப் படித்தார். விவாதம் உண்டா, இல்லை, ஆதரவு. லோவ்ரே மற்றவர்களோடு சேர்ந்து கையைத் தூக்கினார்.